ஊசி போட்ட நாய்தானே?

வளர்ப்பு நாய் யாரையாவது கடித்துவிட்டால், நாய்க்குரியவர் வாயிலிருந்து முதலில் வரும் சமாதானம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பயப்படாதீங்க, ஊசி போட்ட நாய்தான்." அதைக் கேட்டதும் கடிபட்டவருக்கும் பாதி உயிர் திரும்பி வந்துவிடுகிறது. ரேபிஸ் மீது நமக்குள்ள பயம் நியாயமானது. அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. ஆனால் அந்த ஒரு பயம் மற்ற எல்லாக் கேள்விகளையும் விழுங்கிவிட்டது. ரேபிஸ் ஒரு வைரஸ். நாயின் எச்சிலிலும் பூனையின் நகத்திலும் கிளிக்கூண்டுத் தூசியிலும் மீன்தொட்டித் தண்ணீரிலும் இருக்கிற பாக்டீரியாக்கள் வேறு கணக்கு. அவற்றிடம் ரேபிஸ் ஊசி செல்லாது. அதோடு, ரேபிஸ் கொண்டுவரும் நாய் தானே சாகக் கிடக்கும் நோயாளி. இந்த பாக்டீரியாக்களைச் சுமக்கும் பிராணியோ பெரும்பாலும் கொழுகொழுவென்று, வேளாவேளைக்குத் தின்றுகொண்டு, வாலாட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் "இதுக்கு ஏதாவது நோய் இருக்கா?" என்று பிராணியைப் பற்றி விசாரிப்பதில் பாதிப் பயன்தான் உண்டு. வீட்டில் இருக்கும் மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. கைக்குழந்தை இருக்கிறதா, யாருக்காவது மண்ணீரல் எடுத்திருக்கிறார்களா, கீமோதெரபி நடக்கிறதா, சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன பெரியவர் இருக்கிறாரா? பிராணிகளால் வந்த தொற்றுகளைப் பற்றிய பழைய மருத்துவப் பதிவுகளைப் புரட்டினால் ஒரே குறை திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. வீட்டில் என்ன வளர்க்கிறோம் என்று நோயாளி சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

நாயிலிருந்து தொடங்கலாம். 1976இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோயாளியின் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் அதுவரை யாரும் பெயரிடாத ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். அது மிக மெதுவாக வளர்ந்தது. ஆய்வகத்தில் 'டிஎஃப்-2' என்ற குறியீட்டோடு பதின்மூன்று ஆண்டுகள் பெயரில்லாமலே கிடந்தது. 1989இல்தான் 'கேப்னோசைட்டோஃபாகா கேனிமோர்சஸ்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தரும் கணக்குப்படி, நாய்களில் 74 சதவீதம் வரை இதை வாயில் வைத்திருக்கலாம். பூனைகளிலும் உண்டு. அப்படியென்றால் தினமும் நாயிடம் முகத்தை நீட்டுகிற கோடிக்கணக்கான பேர் இதோடுதான் பழகுகிறார்கள், அவர்களில் மிக மிகச் சிலரைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

அந்தச் சிலர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரத்தத்தில் புகுந்த பாக்டீரியாவை வடிகட்டி அழிக்கும் வேலையில் பெரும்பங்கு மண்ணீரலுடையது. பைக் விபத்தில் வயிற்றில் அடிபட்டு மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்காக எடுக்கப்பட்டவர்கள், நீண்டகாலக் குடியால் ஈரல் கெட்டவர்கள் ஆகியோரிடம் இந்த பாக்டீரியா தங்குதடையில்லாமல் பெருகும். முதலில் சாதாரணக் காய்ச்சல், வாந்தி, உடம்புவலி. பிறகு தோலில் ஊதாநிறத் திட்டுகள். ரத்தம் ஆங்காங்கே உறைந்து விரல் நுனிகள் கறுத்துப்போகும். அறிகுறி தொடங்கி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உயிர் போனவர்கள் உண்டு. கடுமையாகத் தாக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று பேர் இறக்கிறார்கள். நாய் பெரிதாகக் கடித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு சிராய்ப்பை நக்கியிருந்தாலே போதும்.

2018இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவர் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போய், இரு கால்களையும் கைகளின் பகுதிகளையும் இழந்து வீடு திரும்பினார். நாய் நக்கியதில் தொற்றியது என்பது மருத்துவர்களின் முடிவு. அவருக்கு அதற்கு முன் சொல்லும்படியான நோய் எதுவும் கிடையாது. 'பலவீனமானவர்களுக்குத்தான் வரும்' என்ற விதிக்கு இப்படி விலக்குகளும் இருக்கின்றன. ஆனாலும் விலக்கை வைத்து விதியைக் கலைக்க முடியாது. மண்ணீரல் எடுக்கும்போது நிமோனியா முதலிய சில தொற்றுகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். இந்த பாக்டீரியாவுக்கு அப்படி ஓர் ஊசி கிடையாது. ஆகவே 'வீட்டில் நாய் இருக்கிறதா?' என்ற ஒரு வரி அந்த டிஸ்சார்ஜ் சீட்டில் இடம்பெற்றால் நல்லது.

பூனைக்கடியின் தன்மை வேறு. நாயின் பல் சதையைக் கிழிக்கும். காயம் பெரிதாகத் தெரியும், மக்களும் ஓடுவார்கள். பூனைப்பல்லோ இன்ஜெக்‌ஷன் ஊசி மாதிரி. மேலே இரண்டு சிறு புள்ளி மட்டும் தெரியும், மாலைக்குள் தோல் மூடிக்கொள்ளும். உள்ளே விரல் மூட்டிலும் தசைநார் உறையிலும் பாக்டீரியா இறக்கிவைக்கப்பட்டிருக்கும். அதில் முக்கியமானது பாஸ்டுரெல்லா மல்டோசிடா. லூயி பாஸ்டர் 1879-80இல் கோழிக் காலராவை ஆராய்ந்து, வீரியம் குறைத்த தடுப்பூசி என்ற யோசனைக்கு வழி கண்டது இதே பாக்டீரியாவை வைத்துத்தான், பெயரும் அவருடையதுதான். பூனைகளில் பெரும்பாலானவை இதை வாயில் வைத்திருக்கின்றன. இதன் வேகம்தான் இதன் அடையாளம். காலையில் கடித்தால் இரவுக்குள் கை சிவந்து, வீங்கி, விண்விண்ணென்று தெறிக்கும்.

1999இல் அமெரிக்காவில் தொற்று ஏற்பட்ட 50 நாய்க்கடிகளையும் 57 பூனைக்கடிகளையும் எடுத்து ஆராய்ந்தார்கள். நாய்க்கடியில் பாதியிலும், பூனைக்கடியில் முக்கால்வாசியிலும் பாஸ்டுரெல்லா வகைகள் இருந்தன. ஒரு காயத்தில் சராசரியாக ஐந்து வகை நுண்ணுயிர் குடியிருந்தது. மேயோ கிளினிக்கில் கையில் பூனைக்கடி பட்டு வந்த 193 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அவர்களில் 57 பேரை வார்டில் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களில் 38 பேருக்கு அறுவை சிகிச்சை செய்து காயத்தைச் சுத்தப்படுத்தினார்கள். மருத்துவமனைக்கு வரச் சராசரியாக 27 மணி நேரம் ஆகியிருந்தது. 'பூனைதானே' என்று ஒரு நாள் பார்த்திருக்கிறார்கள் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது.

பாஸ்டுரெல்லாவுக்கு ஒரு விசித்திரமான வழியும் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்த சிலர் வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். இரவில் மெஷினை ஓடவிட்டுத் தூங்குவார்கள். வயிற்றிலிருந்து மெஷினுக்குப் போகும் வெதுவெதுப்பான பிளாஸ்டிக் குழாய் லேசாக அசைந்துகொண்டிருக்கும். பூனைக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கிடைக்குமா? குழாயை நறுக்கென்று ஒரு கடி கடிக்கும். ஓட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. காலையில் வயிற்றுவலி, வெளிவரும் நீர் கலங்கல். உலகின் பல நாடுகளிலிருந்து இதே கதை மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பரிந்துரை மிகச் சாதாரணமானது: டயாலிசிஸ் நடக்கும் அறைக்குள் பூனை நுழையக் கூடாது.

பூனை பிறாண்டினால் வரும் நோயின் வரலாறு ஒரு துப்பறியும் கதை போலப் போகிறது, நடுவில் தவறான ஆளைக் கைது செய்ததும் உட்பட. குழந்தைக்கு அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டுகிறது, வாரக்கணக்கில் கரைவதில்லை, லேசான காய்ச்சல். பாரிஸின் குழந்தை மருத்துவர் ராபர்ட் டெப்ரே 1950இல் இதைப் பூனைப் பிறாண்டலோடு இணைத்து எழுதினார். ஆனால் கிருமி யார் கண்ணிலும் படவில்லை. அது பிடிபடும்வரை மருத்துவர்கள் செய்த பரிசோதனை இன்று கேட்டால் திக்கென்றிருக்கும்: ஒரு நோயாளியின் நெறிக்கட்டியிலிருந்து எடுத்த சீழைச் சூடாக்கி, அடுத்த நோயாளியின் தோலில் ஊசியால் செலுத்தி, தடிக்கிறதா என்று பார்த்தார்கள்.

1983இல் அமெரிக்க ராணுவ நோய்க்குறியியல் நிறுவனத்தார் வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது கட்டியின் திசுவுக்குள் சின்னஞ்சிறு பாக்டீரியாக்கள் தெரிந்தன. சில ஆண்டுகளில் ஒன்றை வளர்த்தும் காட்டினார்கள். நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தையே வைத்து அதற்கு 'அஃபிப்பியா ஃபெலிஸ்' என்று பெயரிட்டார்கள். வழக்கு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். இதற்கிடையே எய்ட்ஸ் நோயாளிகளின் தோலில் சிவந்த கொப்புளங்களை உண்டாக்கிய வேறொரு பாக்டீரியாவைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், இன்று 'பார்ட்டோனெல்லா ஹென்சலே' எனப்படுவதைப் பிடித்தார்கள். ஓக்லஹோமாவில் அதை வளர்த்தெடுக்க உழைத்த ஆய்வகப் பணியாளர் டயான் ஹென்சல் பெயர் அதில் நிற்கிறது. 1992இல் சிடிசி ஆய்வாளர்கள் பூனைப் பிறாண்டல் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, பெரும்பாலோரிடம் பார்ட்டோனெல்லாவுக்கு எதிரான தடயம் இருந்தது. பழைய தோல் பரிசோதனைக்காகச் சேமித்து வைத்திருந்த அந்தச் சீழையும் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் பார்ட்டோனெல்லாவின் மரபணு இருந்தது, அஃபிப்பியாவினுடையது இல்லை.

குற்றவாளி அகப்பட்டாலும் கூட்டாளி ஒருவன் பாக்கி இருந்தான். தொற்றுள்ள பூனையோடு மற்றப் பூனைகளை ஒரே இடத்தில் விட்டுப் பார்த்தார்கள். தெள்ளுப்பூச்சி இல்லாதவரை எதற்கும் தொற்றவில்லை. பூச்சி இருந்தபோது தொற்றியது. 1996இல் இது உறுதியானது. பூனையின் ரத்தத்தைக் குடிக்கும் தெள்ளுப்பூச்சி தன் கழிவில் பாக்டீரியாவை வெளியேற்றுகிறது. அரிப்பெடுத்துச் சொறியும் பூனையின் நகத்தடியில் அது அப்பிக்கொள்கிறது. பிறகு அந்த நகம் குழந்தையின் கையில் கீறுகிறது. பூனைக்கு மாதக்கணக்கில் ரத்தத்தில் பாக்டீரியா இருந்தாலும் வெளியே ஒரு சுணக்கமும் தெரியாது. குட்டிப் பூனைகளிடம்தான் இது அதிகம். அவைதான் அதிகம் பிறாண்டவும் செய்யும். அமெரிக்காவில் ஆண்டுக்கு 12,000 பேர் அளவுக்கு வெளிநோயாளிகளாகக் கண்டறியப்படுவதாகவும், சுமார் 500 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதாகவும் சிடிசி மதிப்பிடுகிறது. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. கழுத்தில் நெறி கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் இங்கே மருத்துவர் மனம் முதலில் காசநோய்க்குத்தான் போகும், போகவும் வேண்டும். ஆனால் பூனைப் பிறாண்டல் கட்டியை ஊசியால் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் காசநோயை ஒத்த அழற்சி தெரியக்கூடும். "வீட்ல பூனைக்குட்டி இருக்காம்மா?" என்று ஒரு கேள்வி அந்த இடத்தில் விழுந்தால் யோசனை வேறு பக்கமும் திரும்பும்.

காசநோயோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று மீன்தொட்டியில் இருக்கிறது. 1926இல் பிலடெல்பியாவில் இறந்த கடல்மீன்களிலிருந்து அரன்சன் என்பவர் காசநோய்க் கிருமியின் பங்காளி ஒன்றைப் பிரித்தெடுத்தார். அது மைக்கோபாக்டீரியம் மரினம். 1951இல் சுவீடனில் நீச்சல்குளத்தில் குளித்தவர்களின் தோல்புண்ணில் அகப்பட்டது. அறுபதுகளில் மீன்தொட்டிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் அது செழிக்கும். நம் உடம்பின் உட்புறச் சூடு அதற்கு அதிகம். அதனால் குளிர்ந்த இடமான விரலிலும் புறங்கையிலும் தங்கிக்கொள்கிறது. தொட்டியைக் கழுவும்போது கூழாங்கல் பட்டுக் கையில் ஒரு கீறல். அது ஆறியும் போயிருக்கும். சில வாரம் கழித்து அதே இடத்தில் வலிக்காத ஒரு கட்டி, பிறகு முழங்கை நோக்கி வரிசையாக மேலும் சில. தோல் மருத்துவர் பூஞ்சை என்று நினைப்பார், சாதாரண ஆன்டிபயாடிக் கேட்காது. சரியான மருந்தும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியது. வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர்போன சென்னை கொளத்தூர் மாதிரி இடங்களில் நாள் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் கைவிட்டு வேலை செய்பவர்களுக்கு இது அறிமுகமாக வேண்டிய செய்தி. கையில் புண் இருந்தால் முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது ஒன்றும் பெரிய செலவில்லை.

இவை எதுவும் 1930இல் கிளி கிளப்பிய பீதிக்குப் பக்கத்தில் வராது.

பறவையிலிருந்து மனிதருக்கு வரும் சளிக்காய்ச்சல் அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1879இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் என்ற ஊரில் ஒரே வீட்டில் ஏழு பேர் நிமோனியா போன்ற நோயில் விழுந்தார்கள், மூவர் இறந்தார்கள். யாக்கோப் ரிட்டர் என்ற மருத்துவர் அந்த வீட்டுப் படிப்பறையில் இருந்த கூண்டுப் பறவைகளைச் சந்தேகித்தார். 1892இல் அர்ஜென்டினாவிலிருந்து கப்பலில் வந்த கிளிகள் பாரிஸில் நோயைப் பரப்பின. ஆனால் 1929 கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்தது பெரிய அளவு. மனைவிக்கும் பாட்டிக்கும் பேசும் கிளி பரிசளிப்பது அமெரிக்காவில் அப்போது மோஸ்தர். தென்னமெரிக்கக் கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. மேரிலாந்து மாநிலம் அன்னபோலிஸ் நகரில் அப்படி ஒரு கிளியைப் பரிசாக வாங்கிய குடும்பத்தில் கிளி செத்தது, அடுத்தடுத்து மூவர் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். டைபாய்டா, நிமோனியா என்று புரியாமல் மருத்துவர் விழித்தார். அர்ஜென்டினாவின் கிளிக் காய்ச்சல் பற்றிச் செய்தித்தாளில் படித்திருந்த அவர் மனைவிதான் நினைவூட்டினார் என்பார்கள். ஒரு வீட்டம்மாவின் பேப்பர் படிக்கும் பழக்கம் அந்த நோயைப் பிடித்துக் கொடுத்தது.

வாஷிங்டனில் இருந்த அரசின் சுகாதார ஆய்வகத்தில் சார்லஸ் ஆம்ஸ்ட்ராங், அவருடைய உதவியாளர் ஹென்றி ஆண்டர்சன் இருவரும் கட்டடத்தின் அடித்தள அறைகளில் நோயுற்ற கிளிகளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார்கள். கிருமிநாசினி நனைத்த திரைகள், கையுறைகள் எல்லாம் இருந்தும் பயனில்லை. 1930 பிப்ரவரியில் ஆண்டர்சன் இறந்தார். ஆம்ஸ்ட்ராங்கும் படுக்கையில் விழுந்தார். நோயிலிருந்து தேறியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஏற்றி அவரைக் காப்பாற்றினார்கள். அந்த அறைக்குள் காலடி எடுத்து வைக்காத, வேறு மாடிகளில் வேலை செய்தவர்களுக்கும் நோய் வந்தது. இயக்குநர் ஜார்ஜ் மெக்காய் தானே இறங்கிப்போய், மிஞ்சிய பறவைகளைக் கொன்று எரித்து, கட்டடத்தையே நச்சுப்புகையிட்டுச் சுத்தம் செய்தார். அதற்குள் அதிபர் ஹூவர் ஜனவரி 24 அன்றே கிளி இறக்குமதிக்குத் தடை போட்டிருந்தார். அமெரிக்காவில் மொத்தம் 169 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்ததாகக் கணக்கு. அதே ஆண்டு மே மாதம் அந்த ஆய்வகம் தேசியச் சுகாதார நிறுவனமாகப் பெயர் மாறியது. இன்று உலகமெங்கும் என்ஐஎச் என்று அறியப்படுவது அதுதான்.

நோய்க்குக் காரணமான 'கிளமிடியா சிட்டாசி' செல்லுக்குள் ஒளிந்து வாழ்வதால் நெடுங்காலம் வைரஸ் என்றே நினைத்திருந்தார்கள். அது பாக்டீரியாதான் என்பது 1960களில் தெளிவானது. அது பாக்டீரியாவாக இருந்தது மனிதர்களின் அதிர்ஷ்டம். டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கு அது நன்றாகவே கட்டுப்படுகிறது. ஆனால் மருத்துவருக்குத் தோன்ற வேண்டுமே! 2023இலும் 2024 தொடக்கத்திலும் ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் நாடுகளில் இந்தக் காய்ச்சல் வழக்கத்தைவிடக் கூடி, ஐந்து பேர் இறந்ததை உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நம் ஊரில் பச்சைக்கிளி வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருந்தாலும் கிளி ஜோசியக்காரர் கூண்டு இன்னும் முழுதாக மறையவில்லை. சட்டம் தடுக்காத 'லவ் பேர்ட்ஸ்' கூண்டு பல வீட்டு பால்கனிகளில் தொங்குகிறது. வடசென்னையில் பந்தயப்புறா வளர்ப்பு ஒரு தனி உலகம். புறாவிடமும் இந்த பாக்டீரியா உண்டு. பறவை கடிக்க வேண்டியதில்லை, தொடவும் வேண்டியதில்லை. காய்ந்த எச்சம் தூளாகிக் காற்றில் பறந்தால் போதும். கூண்டுக்கு அடியில் துடைப்பத்தால் வறட்டென்று பெருக்கும் பழக்கம்தான் இங்கே பெரிய வினை. தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, மூக்கில் மாஸ்க் போட்டுக்கொண்டு வழித்தெடுத்தால் ஆபத்தில் பெரும்பகுதி அங்கேயே குறைந்துவிடும்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிவந்த அதே ஊரில்தான் இப்போது வாஸ்துவுக்காகக் கண்ணாடித் தொட்டியில் ஆமைக்குஞ்சு வைக்கிறார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட, உள்ளங்கையில் அடங்கும் பச்சை ஆமை. அமெரிக்காவிலிருந்து உலகமெங்கும் பரவியது. அமெரிக்காவோ தன் நாட்டுக்குள் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமையை விற்பதை 1975இலேயே தடை செய்துவிட்டது. காரணம் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 2,80,000 பேருக்கு ஆமையால் இந்தத் தொற்று வந்ததாக மதிப்பிட்டார்கள், அதிகமும் குழந்தைகள். நான்கு அங்குலம் என்ற அளவில் ஒரு நடைமுறை அறிவு இருக்கிறது: அதைவிடச் சிறியதைத்தான் குழந்தை வாயில் போட்டுக்கொள்ள முடியும். தடைக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் குழந்தைகள் தப்பியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தந்த சட்டங்கள் குறைவு. இருந்தும் கள்ளத்தனமான விற்பனை நிற்கவில்லை. 2007இல் ஃபுளோரிடாவில் ஒரு மாதம்கூட நிரம்பாத குழந்தை ஆமையிலிருந்து வந்த சால்மொனெல்லாவால் இறந்தது. அந்த வயதுக் குழந்தை ஆமையைத் தொட்டு விளையாடியிருக்க முடியாது. பெரியவர்களின் கையோ, கழுவிய பாத்திரமோ கிருமியைக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

ஆமையும் ஓணான் வகைகளும் சால்மொனெல்லாவைக் குடலில் வைத்துக்கொண்டு சில நாள் வெளியேற்றும், சில நாள் விட்டுவிடும். எனவே ஒருமுறை பரிசோதித்து 'இல்லை' என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. தவளையும் இதில் சேர்த்தி. 2008 முதல் 2011 வரை அமெரிக்காவின் 44 மாநிலங்களில் 376 பேருக்குக் குட்டை ஆப்பிரிக்கத் தவளைகளால் தொற்று வந்தது. எல்லாம் கலிபோர்னியாவில் இருந்த ஒரே பண்ணையின் தவளைகள்.

இனி எலி. பிள்ளைகள் வெள்ளெலி வளர்ப்பது பெருகிவருகிறது. எலிக்கடிக்கு சுஸ்ருத சம்ஹிதையில் ஓர் அத்தியாயமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எலிக்கடியால் வரும் காய்ச்சலுக்குக் காரணமான இரண்டு பாக்டீரியாக்களில் ஒன்றை வாண்டைக் கார்ட்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1880களில் பம்பாய் எலியின் ரத்தத்தில்தான் கண்டார். 2013இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் செல்ல எலி வளர்த்த பத்து வயதுச் சிறுவன் இந்த நோயால் இறந்தான். நாய்க்கும் எலிக்கும் நடுவே எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் இருக்கிறது. எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் அலைந்த நாய் தானும் தன் மூத்திரத்தில் கிருமியை வெளியேற்ற ஆரம்பிக்கும். நாய்க்குட்டிக்குப் போடும் 'செவன் இன் ஒன்', 'நைன் இன் ஒன்' ஊசிகளில் இதற்கான தடுப்பும் சேர்ந்திருக்கிறது. அந்த வகையில் 'ஊசி போட்ட நாய்' என்ற பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

பிராணியைப் பற்றிய ஒரு தகவல் நோயைக் கண்டுபிடிக்க எவ்வளவு உதவும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2014இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு வளர்ப்பு நாய் நிமோனியா பிளேக்கில் இறந்தது; அதை வளர்த்தவர், கால்நடை மருத்துவமனை ஊழியர் இருவர், அறிமுகமான இன்னொருவர் என நான்கு பேருக்குத் தொற்றியது. ஆய்வகத் தானியங்கிக் கருவி முதலில் கிருமியை வேறொன்றாகக் காட்டியது. நாயும் நோயுற்றிருந்தது என்ற தகவல் சேர்ந்த பிறகுதான் பிளேக் என்று தெரிந்தது. நால்வரும் பிழைத்தார்கள்.

இவற்றைவிட வரும் காலத்தில் அதிகம் தொல்லை தரப்போவது நாய்க்குட்டி வியாபாரம் என்று நினைக்க இடமிருக்கிறது. 2016 முதல் 2018 வரை அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 118 பேருக்குக் கேம்பிலோபாக்டர் வயிற்றுப்போக்கு வந்தது. கடையில் விற்ற நாய்க்குட்டிகள் காரணம். பாதிக்கப்பட்டவர்களில் 29 பேர் அந்தக் கடைகளின் ஊழியர்கள். வழக்கமாகக் கொடுக்கும் எந்த ஆன்டிபயாடிக்கும் அந்தக் கிருமியிடம் எடுபடவில்லை. ஏன் என்று தேடியபோது, விவரம் கிடைத்த 149 குட்டிகளில் 142க்கு ஏற்கெனவே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தது தெரியவந்தது, பலவற்றுக்கு நோய் எதுவும் இல்லாமலே. தொலைதூரத்திலிருந்து அடைத்துக் கொண்டுவரும் குட்டிகள் வழியில் சாகாமல் இருக்கவும் வாங்குபவர் முன் துறுதுறுவென்று நிற்கவும் மருந்தைத் தீவனம்போலக் கொடுத்திருக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கிப் பழகிய நம் நாட்டில், குட்டி வளர்த்து விற்பவர் என்ன கொடுத்தார் என்று வாங்குபவர் கேட்டுவைப்பது நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பூனையைக் கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோய் மார்க்கெட்டில் விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. எச்ஐவி உள்ளவர்களுக்கான அமெரிக்க வழிகாட்டுதல்கூட வளர்க்கும் பூனையைத் துரத்தச் சொல்லவில்லை. புதிதாக வளர்ப்பதானால் ஒரு வயதுக்கு மேற்பட்ட, ஆரோக்கியமான பூனையாகப் பாருங்கள், தெள்ளுப்பூச்சி சேரவிடாதீர்கள் என்கிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் ஆமையும் தவளையும் வேண்டாம். சர்க்கரை நோயில் உணர்ச்சியற்றுப்போன பாதத்தை நாய் நக்கினால் நக்கியது தெரியாது. அங்கே வெடிப்போ புண்ணோ இருந்தால் காலுறை போட்டு மூடிக்கொள்வது நல்லது. தனியாக வாழும் பெரியவருக்கு நாய் தரும் துணையை எடைபோட்டால், இந்த முன்னெச்சரிக்கைகளின் பாரம் அற்பம்.

கடி பட்டுவிட்டால் முதல் வேலை குழாயடிக்குப் போவதுதான். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவ வேண்டும். ரேபிஸுக்காகச் சொல்லப்படும் இந்த விதி பாக்டீரியாவுக்கும் அப்படியே பொருந்தும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் காயத்தில் ஏறக் கூடாது. ரேபிஸ் ஊசியும் டெட்டனஸ் ஊசியும் முடிவானதோடு சிலர் வீடு திரும்பிவிடுகிறார்கள். காயம் கையிலோ மூட்டருகிலோ இருந்தால், கடித்தது பூனையாக இருந்தால், கடிபட்டவருக்கு மண்ணீரல் இல்லாவிட்டால், வீக்கம் வரும்வரை காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். வழக்கமாக எழுதித் தருவது அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. ஆழமான சிறு துளைக் காயத்தைத் தையல் போட்டு மூடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, சீழ் உள்ளேயே கட்டிக்கொள்ளும்.

கிருமிகளின் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. அமெரிக்காவில் சர்க்கரை நோயாளி ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் எம்ஆர்எஸ்ஏ எனப்படும், மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்று விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் சிகிச்சையில் குணமாகும், பிறகு திரும்பும். கடைசியில் அவர்கள் வீட்டு நாயின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்தபோது அதே கிருமி அங்கே இருந்தது. நாய்க்கு ஒரு நோயும் இல்லை. 2003இல் வெளியான அந்தப் பதிவின்படி, நாயின் மூக்கிலிருந்து கிருமியை ஒழித்த பிறகுதான் தம்பதியின் தொல்லை ஓய்ந்தது. எம்ஆர்எஸ்ஏ அடிப்படையில் மனிதர்களிடையே, அதிலும் மருத்துவமனைகளில், வளர்ந்த கிருமி; வளர்ப்பு நாய்களிடம் அகப்படும் வகைகள் பெரும்பாலும் அந்த ஊர் மனிதர்களிடம் உள்ளவையே. அந்த வீட்டிலும் நாய்க்கு அதை முதலில் கொடுத்தது எஜமானர்களாகவே இருக்கலாம்.